அமெரிக்கக் 'கறுப்புத் திரைப்படம்': முதற் பார்வையும் வரலாற்றுப் பார்வையும்

ஒரு கலைவகைக்கு அதனைப் படைத்தோர் பெயரிடுவதுமுண்டு. அதனைப் புதிதாகக் கண்டோர் பெயரிடுவதுமுண்டு. 1940களிலும் 1950களிலும் ஹொலிவூட்டில் உருவான 'பிலிம் நுவார்' எனப்படும் கறுப்புத் திரைப்படங்கள் இரண்டாவது வகையைச் சார்ந்தவை. அவற்றை உருவாக்கியோர் குற்றக் கதைகள் என்றோ மெலோட்றாமாக்கள் என்றோதான் அவற்றைக் குறிப்பிட்டனர். 'கறுப்பு' என்னும் அடைமொழி பாரிஸ் நகரப் பார்வையாளர் வழங்கியதாகும்.

இன்று இப்படங்களை முதன்முறையாகப் பார்க்கும் ஒருவரின் கண்ணிற் படுபவை தொப்பி, சிகரெட் புகை, மழை நனைத்த தெரு, யன்னற் தட்டிகள் சுவரில் வீழ்த்தும் கோட்டு நிழல் ஆகியனவே. விளம்பரங்களும் பிற்காலப் படங்களும் இவற்றை வெறும் அலங்காரங்களாக்கிவிட்டன. மறுபுறம், முற்போக்குச் சிந்தனையாளர் சிலர் இவற்றை நம்பிக்கை வரட்சியைப் பரப்பும் சீரழிவுக் கலையென ஒதுக்குவதுமுண்டு. இவ்விரு நோக்குகளுமே படைப்பை அதன் வரலாற்றிலிருந்து பிரித்துவிடுகின்றன. எனவே, இப்படங்களை முதலிற் கண்டோர் எத்தகைய சூழலிற் கண்டனர் என்பதிலிருந்து தொடங்குவது பயனுடைத்து.

ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜேர்மனியர் பிரான்சில் அமெரிக்கப் படங்களைத் தடைசெய்திருந்தனர். விடுதலையின் பின்னர், 1946ஆம் ஆண்டுக் கோடையில், 'த மோல்டீஸ் ஃபோல்கன்' (1941), 'லோரா' (1944), 'மேடர், மை ஸ்வீட்' (1944), 'டபிள் இன்டெம்னிட்டி' (1944) முதலியன பாரிஸ் அரங்குகளை ஒருசேர வந்தடைந்தன. எதிர்ப்பியக்கத்தின் தலைமறைவு வெளியீடாகத் தோன்றிய 'லெக்ரான் பிரான்செ' இதழில் அவ்வாண்டு ஓகஸ்டில் எழுதிய நீனோ பிராங்க், குற்றவாளி யார் என்ற புதிரைக் காட்டிலும் மனிதரின் நடத்தையும் உளவியலுமே இப்படங்களின் மையம் என இனங்கண்டு, 'கறுப்பு' என்ற சொல்லை வழங்கினார். அமெரிக்கர் ஆண்டுக்கணக்கில், வேறு நூற்றுக்கணக்கான படங்களிடையே தனித்தனியாகக் கண்டவற்றைப் பாரிஸ் நகரத்தார் சில வாரங்களில் வரிசையாகக் கண்டனர். தடை ஏற்படுத்திய இடைவெளியே பொதுப்பண்பைப் புலப்படுத்திற்று.

இங்கு இரு செய்திகள் மனங்கொளத்தக்கன. ஒன்று, இச்சொல் முற்றிலும் புதியதன்று. மக்கள் முன்னணிக் காலத்தையொட்டி எழுந்த, மார்செல் கார்னேயின் 'லெ ஜூர் ஸ லேவ்' (1939) போன்ற பிரெஞ்சுப் படங்களை ஒழுக்கக்கேடானவையெனச் சாடிய வலதுசாரிப் பத்திரிகைகள் 1930களின் இறுதியிலேயே இதனை வசைச்சொல்லாகக் கையாண்டிருந்தன. மற்றொன்று, 1946 மே மாதத்திற் கைச்சாத்தான புளும்-பேர்ண்ஸ் உடன்படிக்கை. கடன் நிவாரணத்துடன் இணைந்து வந்த இவ்வுடன்படிக்கை, காலாண்டுக்கு நான்கு வாரங்களை மட்டுமே பிரெஞ்சுப் படங்களுக்கென ஒதுக்கி, எஞ்சியவற்றைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. பிரெஞ்சுத் திரைப்படத் தொழிலாளர் இதனை வன்மையாக எதிர்த்தனர். ஆக, அமெரிக்க மூலதனம் சந்தையைக் கைப்பற்றிய அதே வேளையில், அச்சமூகத்தின் நோயைப் பேசும் படங்களும் அதே கப்பலில் வந்திறங்கின. இம்முரண்பாட்டை மறந்து இப்படங்களை மதிப்பிடல் இயலாது.

இவற்றின் நிழலுக்கும் ஒரு சமூகப் பின்னணி உண்டு. பில்லி வைல்டர், ரொபேட் சியோட்மாக், ஃபிரிட்ஸ் லாங் ஆகியோர் நாஸிகளின் எழுச்சியால் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர்கள். பேர்லின் ஒளியமைப்பு மரபுடன், ஒழுங்கான நகர வாழ்வு எத்துணை விரைவிற் குலையக்கூடும் என்ற அனுபவத்தையும் அவர்கள் கொணர்ந்தனர். போர்க்காலக் கட்டுப்பாடும் இதற்குத் துணைபோயிற்று. 1942இல் ஒரு படத்தின் அரங்க அமைப்புக்கான புதிய பொருட்செலவு 5,000 டொலருக்குள் வரையறுக்கப்பட்டது. இருள் பழைய அரங்கை மறைக்கவும் பயன்பட்டது.

முதன்முறை பார்ப்போர்க்கு வைல்டரின் 'டபிள் இன்டெம்னிட்டி' தக்க தொடக்கமாகும். வோல்டர் நெஃப் ஒரு காப்புறுதி முகவர். வாடிக்கையாளர் ஒருவரின் மனைவியுடன் சேர்ந்து அக்கணவரைக் கொன்று, புகையிரத விபத்துக்குரிய இரட்டை இழப்பீடான 100,000 டொலரைப் பெறத் திட்டமிடுகிறான். குண்டடிபட்ட நெஃப் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, கடிதம் சொல்லும் ஒலிப்பதிவுக் கருவியிற் குற்றத்தை ஒப்புவிப்பதாகப் படம் தொடங்குகிறது. மாடியிலிருந்து நோக்கினால் கீழே வரிசை வரிசையாக ஒரே மாதிரியான வெற்று மேசைகள். பார்வையாளர் பாபரா ஸ்ரான்விக்கின் முகத்தைவிட இம்மேசைகளையே முதலில் உற்றுநோக்க வேண்டும் என்போம். நெஃப் நிறுவனத்துக்கு வெளியேயிருந்து வந்த கள்வனல்லன். பிறர் ஏமாற்றுவதைக் கண்காணித்தே அதன் நுட்பங்களைக் கற்றவன். இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசோதிக்கும் கீஸ், தற்கொலைகளை வகைவாரியாகப் புள்ளிவிபர அட்டவணைகளிலிருந்து ஒப்புவிக்கும் காட்சி ஆழ்ந்து நோக்கற்பாலது. சாவு அங்கே தொகையாகவும் விகிதமாகவும் மாறிவிட்டது. கொலையாளியும் நிறுவனமும் உயிரை ஒரே அளவுகோலாலேயே அளக்கின்றனர்.

எனினும் இவ்வகையின் எல்லைப்பாடுகளையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. தணிக்கை விதிக்கோவை குற்றவாளி தண்டிக்கப்படுதலைக் கட்டாயமாக்கியிருந்தது. அமைப்பில் உள்ள கேடு பல படங்களில் 'விதி'யாகவோ, ஆணைக் கெடுக்கும் பெண்ணாகவோ உருமாற்றப்படுகின்றது. போர்க்காலத்திற் பெண்கள் பெருந்தொகையாகத் தொழிற்சாலைகளுக்குட் சென்றமை ஆண்மையச் சமூகத்திற் கிளப்பிய அச்சத்தை இப்பெண் பாத்திரங்களிற் காணலாம். தீமையைக் காட்டும் கலை, அதன் காரணத்தை இடம்மாற்றியும் விடலாம்.

அவ்வெல்லையைத் தாண்ட முயன்ற படமொன்று ஏப்ரகாம் பொலன்ஸ்கியின் 'ஃபோஸ் ஒஃப் ஈவில்' (1948). எண் சூதாட்டம் நடத்தும் சிறு 'வங்கி'களை வீழ்த்தி ஒரே ஏகபோகமாக்க ஒரு கும்பல் முயல்கிறது. சுதந்திர தினத்தன்று, 1776ஐ நினைந்து ஏழைகள் வழக்கமாகப் பணங்கட்டும் 776 என்ற எண்ணையே வெல்லச் செய்து, சிறு வங்கிகளை முறிப்பதே அவர்களின் சூழ்ச்சி. கும்பலின் வழக்கறிஞனான ஜோ மோர்ஸின் சொந்தத் தமையனே அழிவுக்குள்ளாகும் சிறு வங்கியாளருள் ஒருவன். குற்றக் கதையின் வடிவில் மூலதனத் திரட்சி இவ்வளவு தெளிவாகச் சித்திரிக்கப்பட்டமை ஹொலிவூட்டில் அரிது.

இதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் பெரிது. 1947இல் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழு ஹொலிவூட்டை விசாரித்தது. 'கிரொஸ்ஃபயர்' படத்தின் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஸ்கொட் சிறை சென்றார். 1951இற் குழுவின் முன் ஒத்துழைக்க மறுத்த பொலன்ஸ்கி கறுப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டார். 1969 வரை அவர் பெயரில் வேறொரு படம் இயக்க இயலவில்லை. ஜோ மோர்ஸாக நடித்த ஜோன் கார்ஃபீல்ட் தோழர்களின் பெயர்களைக் கூற மறுத்து, வாய்ப்பிழந்து, 1952இல் 39ஆவது வயதில் இருதய நோயால் இறந்தார். ஜூல்ஸ் டஸின் ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்தார். இப்படங்கள் வெறும் அவநம்பிக்கைப் பொழுதுபோக்குகளாயின், அவற்றை ஆக்கியோரை அரசு இவ்வாறு வேட்டையாட வேண்டியிருந்திராது.

ஆகவே, புதிதாகப் பார்க்கப் புகுவோர் இருளின் அழகைச் சுவைப்பதில் தவறில்லை. அது உண்மையான அழகே. ஆயின் அவ்விருளிற் பணம் எங்கிருந்து எங்கு செல்கிறது, உழைப்போர் எவர், பழி எவர்மீது சுமத்தப்படுகிறது என்னும் வினாக்களையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். 1946இல் பாரிஸ் பார்வையாளர், ஆக்கிரமிப்பினதும் விடுதலையினதும் அனுபவத்தோடு அரங்கினுட் சென்றமையாலேயே அமெரிக்கர் பெயரிடாத ஒன்றுக்குப் பெயரிட முடிந்தது. முதற் பார்வையின் கூர்மை, பார்ப்பவரின் வரலாற்றுணர்வைப் பொறுத்தது.