மார்கழி விடுமுறைக்கு ஒரு புத்தகம்

மார்கழியில் பாடசாலை மூடும் நாளில் எங்கள் தம்பிலுவிலில் அனேகமாக மழை பெய்துகொண்டிருக்கும். வயல்களில் பெரும்போக வேளாண்மை பச்சை பிடித்து நிற்கும். கடல் கொந்தளிப்பாக இருப்பதனால் தோணிகள் கரையில் ஏறிக் கிடக்கும். பிள்ளைகள் வெளியே ஓடித் திரிய வழியில்லாத நாட்கள் அவை. ஒரு தமிழாசிரியனுக்கு இதைவிட வாய்ப்பான காலம் கிடைக்காது என்று எண்ணி, நான் கற்பிக்கத் தொடங்கிய காலந்தொட்டு ஒவ்வோர் ஆண்டும் உயர்தர வகுப்பின் கரும்பலகையில் இருபது நூல்களின் பெயர்களை எழுதிவிடுவது வழக்கம். பிள்ளைகளும் கொப்பியில் அழகாக எழுதிக்கொண்டு போவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தை மாதத்தில் பாடசாலை தொடங்கியதும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். "சேர், நீங்க எழுதின இருபதில ஒண்டுகூடக் கிடைக்கல்ல. அக்கரைப்பற்றிலயும் கேட்ட நான், கல்முனையிலயும் கேட்ட நான். எல்லாத்தையும் விட்டுட்டு ஒண்டே ஒண்டு வாசி எண்டா எதைச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றன் மகள்" என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் என்னிடம் விடையில்லை. அந்த இருபதும் நான் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்தவை. அவற்றை எனக்கு யாரோ எழுதித் தந்தார்கள். நான் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தேன். நூலை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது என்பது நம்மிடையே எப்படி நடந்து வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க என்னைத் தூண்டியது அந்தப் பிள்ளையின் கேள்விதான்.

இதிலே முதலில் நினைவுக்கு வருவது கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு. 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். ஐயருக்கு அப்போது வயது 25. முதலியார் அவரிடம் யாரிடம் படித்தீர்கள் என்று விசாரித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெயரைச் சொன்னாலே எவரும் எழுந்து வணங்கும் காலம் அது. முதலியாரிடம் அதற்கு எந்த அசைவும் இல்லை. அடுத்து, என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று அடுக்கினார். பின்னர் புராணங்களையும் கம்பராமாயணத்தையும் சொன்னார். முதலியாருக்குத் திருப்தி ஏற்படவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார்; சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றையும் சொன்னார். ஐயர் எதையும் படித்திருக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை ஐயர் தமது 'என் சரித்திரம்' நூலில் மனந்திறந்து எழுதியிருக்கிறார். படித்தவர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால், அதிகம் பேசப்படாத ஒன்று அதில் உண்டு. முதலியார் பெயரைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை ஐயரின் கையிலே கொடுத்தார். தமக்கு அதைப் பாடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சொன்னவர் நூலையும் கொடுத்தார், கூட இருந்து படிக்கவும் செய்தார். கரும்பலகையில் இருபது பெயர் எழுதியவனுக்கு இது உறைக்கத்தான் செய்தது.

விளங்காத இடங்களுக்காக ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளின் படியேறினார். 1887இல் சிந்தாமணி அச்சாகியது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. வேலை ஓய்ந்த ஒரு மனிதர் வந்தவரிடம் கேட்ட ஒரு கேள்வி எத்தனை தூரம் போயிருக்கிறது!

அது நம்முடைய கரைக்கும் வந்தது. சிலப்பதிகாரம் ஐயர் பதிப்பாக வெளிவந்த அதே 1892இல்தான் காரைதீவில் மயில்வாகனன் என்ற குழந்தை பிறந்தது. பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைச் செய்திகளைப் பிடித்துக்கொண்டு, மறைந்துபோன யாழைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தார். 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். முதலியார் கேட்டிராவிட்டால் ஐயர் இல்லை. ஐயர் அச்சிட்டிராவிட்டால் அடிகளின் கையிலே அந்தக் காதை எப்போது வந்திருக்குமோ.

இதைச் சொல்லும்போது, இந்தக் கரையிலுள்ளவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் செருக்கும் வருகிறது. ஏனெனில், கும்பகோணத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட காலத்தில், கண்ணகி கதையை எவரும் எங்கள் ஊரவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைகாசிச் சடங்கிலே தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படும், குளிர்த்தியோடு நிறைவுபெறும். இளங்கோவடிகள் சொன்ன கதையே அது என்று நினைத்துவிடக் கூடாது. சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடும் மீகாமனும், அவன் பொருதும் வெடியரசனும் சிலப்பதிகாரத்தில் இல்லை, வழக்குரையில் இருக்கிறார்கள். கடலோரத்து மக்கள் கேட்ட கதையில் கடற்போர் இல்லாமற் போகுமா? ஏட்டிலே இருந்த இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்தது 1968இல்தான். அதுவரையும் அதனைக் காத்தது வாசிப்புப் பழக்கமே. எழுத்தறியாத பாட்டிமாரும் அதனை 'வாசித்தவர்கள்' என்றே நான் சொல்வேன்.

மாரிகாலத்துக்கும் இப்படியொரு நூல் ஒழுங்கு இருந்தது. கார்த்திகையில் தொடங்கி மார்கழி வரை 21 நாள் பிள்ளையார் பெருங்கதை விரதம். அந்த நாட்களில் கோயிலில் வரத பண்டிதரின் 'பிள்ளையார் கதை' படிப்பார்கள். அதனையடுத்துத் திருவெம்பாவைக் காலம். ஈழத்துக் கோயில்கள் பலவற்றில் அப்போது திருவாதவூரடிகள் புராணம் படிக்கும் வழக்கம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். மழைக்கு ஒதுங்கி வந்தவனும் இருந்து கேட்டுவிட்டுப் போவான். யார் எதை எப்போது வாசிப்பது என்ற கவலையை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. இந்த ஒழுங்கில் குறையும் உண்டு. புதிய நூல் ஒன்று உள்ளே நுழைவது கடினம். ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டபோது, பயன் சொல்வோர் இல்லாத வீட்டிலும் ஒருவன் தனியே இருந்து வாசிக்க வழி பிறந்தது. தனி வாசகன் தோன்றினான். அவனுக்குத்தான் 'எதை வாசிப்பது' என்ற கேள்வியும் தோன்றியது.

என்னுடைய கதைக்கு வருகிறேன். நான் பட்டதாரியாக வெளியேறிய காலத்தில், எனக்குக் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் தம்மிடமிருந்த 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை, "விடுமுறையில வாசிச்சிட்டுத் தா தம்பி" என்று இரவல் தந்தார். அதுவும் பண்டிதர் கந்தையா எழுதியது; 1964இல் வெளிவந்த பழைய பதிப்பு. ஓரங்களில் அவருடைய பென்சிற் குறிப்புகள். பாதிவரை வாசித்து மேசையில் வைத்திருந்தேன். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். கடலோரத்திலிருந்த எங்கள் வீட்டையும் மேசையையும் அந்த நூலையும் சுனாமி கொண்டுபோனது. அம்பாறைக் கரையில் உயிர்களையே எண்ணி முடியாதிருந்த நேரத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு வெட்கமாக இருந்தது. பல மாதங்களின் பின்னர்தான் ஆசிரியரிடம் போனேன். அவர் நூலைப் பற்றிக் கேட்கவில்லை. நான் போக எழுந்தபோது, "எதுவரைக்கும் வாசிச்சாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மிச்சத்தை இரண்டு மாலைப் பொழுதுகளில் நினைவிலிருந்தே சொல்லித் தந்தார்.

நூல்களின் அழிவைப் பேசும்போது யாழ்ப்பாண நூலகத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1981இல், மே 31ஆம் திகதி இரவு மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தக் கொடுமையைப் பற்றிப் பலர் எழுதினார்கள். எல்லாவற்றிலும் மறக்க முடியாததாகிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவர் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு தாண்டியதும் அவருடைய ஊர். கல்முனையிலிருந்து இயங்கிய வாசகர் சங்கம் வெளியிட்ட 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' (1979) இன்றைக்கும் ஈழத்து இலக்கியம் படிப்பவனின் முதற் கைநூல். அதை எழுதிய மூவர் சித்திரலேகா, நுஃமான், மௌனகுரு. இந்தப் பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். இந்தக் கரை எப்படி இருந்தது என்பது விளங்கும்.

இதை வகுப்பிலே சொன்னபோது, ஒரு பிள்ளையின் தகப்பனார் என்னை வழிமறித்து, "எங்கட ஆக்கள் எழுதின புத்தகம் இல்லையா சேர்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1990இல் இந்தக் கரையிலே இரு பக்கத்தாரும் பட்டவற்றை அவர் பட்டவர். "தமிழில் எழுதினவர் எங்கட ஆள்தானே அண்ணன்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். இலங்கையின் முதற் தமிழ் நாவலே சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்' (1885) என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

இப்போது நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. பாடசாலை மூடுவதற்கு முந்திய வாரத்தில் பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தகப்பனார் என்ன தொழில் என்று விசாரிப்பேன். பின்பு ஒரேயொரு நூல். என்னிடம் இருந்தால் கையிலே கொடுத்துவிடுவேன். இல்லாவிட்டால், 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தகப்பனாரின் கைத்தொலைபேசியிலே வாசிக்கலாம். கடல் கொண்டுபோன 'மட்டக்களப்புத் தமிழக'த்தையும் அங்கேதான் மறுபடி கண்டேன். பென்சிற் குறிப்புகள்தான் இல்லை. ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறேன்: வீட்டிலுள்ள ஒருவருக்காவது சில பக்கங்களை உரத்து வாசித்துக் காட்ட வேண்டும்.

கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு விடை சொல்ல எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அடுத்த மார்கழியில் அவளுக்கு நீலாவணனின் 'வேளாண்மை' காவியத்தைக் கொடுத்தேன். பெரியநீலாவணையில் பிறந்த அந்தக் கவிஞர் 1975இல் மறைந்தார்; நூல் 1982இல்தான் வெளிவந்தது. பிள்ளை விவசாயக் குடும்பத்தவள் என்பதே நான் அதைத் தெரிந்ததற்குக் காரணம். தை பிறந்ததும் நூலைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"முடிச்சிட்டியா மகள்?"

"இல்ல சேர். அம்மப்பாவுக்கு வாசிச்ச நான். ரெண்டு பக்கம் வாசிக்கிறதுக்குள்ள நிப்பாட்டச் சொல்லிப் போட்டு, அந்தக் காலத்தில மாடு விட்டுச் சூடு மிதிச்ச கதையெல்லாம் சொல்லத் தொடங்கிருவார். இன்னும் பாதி கிடக்கு. இன்னொரு மாசம் வெச்சிருக்கட்டா?"