தேக்கும் சாலும்: தென்னார்க்காட்டுக்குக் கடல் கடந்து வந்த மரங்கள்

தென்னார்க்காட்டின் கடலோரச் சமவெளியில் பனையும் பூவரசும் வேம்பும் உண்டு. நீண்ட உத்திரத்துக்கும் தூணுக்கும் ஏற்ற வைரத்தடி தரும் காடு இல்லை. சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வட்டாரங்களுக்கு அத்தகைய மரம் மேற்கே மலைகளிலிருந்தோ, கிழக்கே கடல் கடந்தோ வர வேண்டியிருந்தது. சேத்தியாத்தோப்பைக் கடந்து செல்லும் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையும், அதற்கு வடக்கே கடலூரும் பெகு, மலாக்கா கரைகளோடு நெடுங்காலம் வாணிகம் நடத்திய துறைகள்.

1826இல் யாண்டபோ உடன்படிக்கையால் பர்மாவின் தெனாசரிம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் மௌல்மெயின் தேக்குத் துறைமுகமாக வளர்ந்தது. 1852 போருக்குப் பின் ரங்கூனும் சேர்ந்தது. 1856இல் பெகு காடுகளின் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ் வெட்டும் அளவுக்கு வரம்பு வகுத்தார். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு, மூன்று ஆண்டுகள் உலரவிட்டு, பிறகு வீழ்த்தி ஆற்றில் தெப்பமாக விட்டனர். கரை சேரும்போதே உலர்ந்திருந்த அந்தத் தடி எளிதில் முறுக்கிக்கொள்ளாது. தச்சர்கள் அதை மதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மரத்துக்காக அரசியலும் புரண்டது: பம்பாய் பர்மா வணிக நிறுவனத்தின் மீது பர்மிய மன்னர் திபாவின் அரசு விதித்த அபராதமே 1885 போருக்குச் சாக்காயிற்று.

பழைய வாணிகக் கணக்குகளை ஒப்பிடுவோர் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியப் பேரரசின் ஒரு மாகாணம். அங்கிருந்து வந்த தேக்கு கடலோர வாணிகமாகவே பதிவாயிற்று. பர்மா பிரிந்தபின் அதே மரம் அயல்நாட்டு இறக்குமதியானது. அந்த ஆண்டை ஒட்டிக் காணும் ஏற்றம் எல்லைக்கோடு மாறியதன் விளைவு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு இந்த வழியை அறுத்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் தேக்கு வாணிகம் அரசின் கைக்குப் போயிற்று.

மலேசிய மரம் பெருமளவில் வந்தது பிந்திய காலத்தில். 1988 வனக்கொள்கையும், 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் உள்நாட்டு வெட்டைச் சுருக்கின. சரவாக் தடிகளின் முதன்மைக் கொள்முதலாளர்களுள் ஒன்றாக இந்தியா ஆனது. தமிழ்நாட்டு மரவாடிகளில் ‘மலேசிய சால்’ எனப்படுவது ஒரே மரமன்று. ஷோரியா பேரினத்தின் கனத்த மரங்கள் பலவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர். நம் நாட்டுச் சாலும் அதே பேரினம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சரக்கு இறங்குவது தூத்துக்குடி போன்ற பெருந்துறைமுகங்களில். அங்கிருந்து சிதம்பரம் பக்கத்துக்கு லாரியில் வருகிறது.

இரு நாட்டு வரத்தையும் திருப்பியதில் வாங்குவோரின் விருப்பத்தைவிட, தடியாக விற்பதா அறுத்து விற்பதா என்று விற்கும் நாடு எடுத்த முடிவுக்கே பெரும்பங்கு. தீபகற்ப மலேசியா 1985இலேயே தடி ஏற்றுமதியை நிறுத்தியது. சபா 1993இல் தடை விதித்துப் பின்னர் தளர்த்தியது. சரவாக் மட்டும் தொடர்ந்து விற்றது. மியான்மர் எனப் பெயர் மாறிய பர்மாவோ 2014 ஏப்ரல் 1 முதல் ஒரேயடியாகத் தடுத்தது. மலேசியாவில் ஒரு மாநிலம் மூடினாலும் இன்னொன்று திறந்திருந்தது. மியான்மரில் அந்த வாய்ப்பில்லை.

பர்மா தேக்கு விட்டுச்சென்ற இடத்தை ஈக்வடார், கானா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு நிரப்புகிறது. இளவயதில் வெட்டப்படுவதால் அதில் வெண்கட்டை மிகுதி, வைரம் குறைவு. காரைக்குடியில் பிரிக்கப்படும் பழைய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் நிலைகளும் கைமாறி, புது வீடுகளுக்குப் போகின்றன.