சிந்தை
தமிழ் வேதாகமத்தில் பிலிப்பியர் 2:5 சொல்லும் கிறிஸ்துவின் 'சிந்தை', கிரேக்க மூலத்தில் ஒரு வினைச்சொல்: 'ஃப்ரொனேயோ'. அதன் வேர் 'ஃப்ரேன்'. பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரிடம் அது நெஞ்சுப் பகுதியை, எண்ணமும் உணர்வும் சேர்ந்து குடியிருக்கும் இடத்தைக் குறிக்கும். ஆகவே சிந்தை என்பது வெறும் எண்ணத்தை அல்ல, மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்வது.

சிறையிலிருந்து இந்த நிருபத்தை எழுதும் பவுல், 4:2-இல் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களை ஒன்றுபடச் சொல்லும்போதும் இதே வினைதான். இருவரும் நற்செய்திப் பணியில் அவரோடு பாடுபட்டவர்கள். நியாயம் யார் பக்கம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 2:3-இன் 'மனத்தாழ்மை'யிலும் இதே வேர் இருக்கிறது. சபைக் கூட்டத்தில் தன் யோசனை தள்ளுபடியான பிறகும், முகம் சுளிக்காமல் அடுத்தவர் யோசனைக்காக நாற்காலி தூக்கிப் போடுகிறவரிடம் இந்தச் சிந்தையை நேரில் பார்க்கலாம்.