பிரசவ வரியும் லேசர் ஒளியும்

கனகம்மாசத்திரம் வழியாகத் திருப்பதி போகிறவர்கள் பலர் திருத்தணியிலும் இறங்கி மலையேறுவது வழக்கம். அந்த மலையைக் குன்றுதோறாடலுக்கு உரிய தலமாக மரபு கொண்டாடுவது திருமுருகாற்றுப்படையை வைத்துத்தான். அதே பாட்டின் திருவாவினன்குடிப் பகுதியில் தேவமகளிரை வருணிக்கும் நக்கீரர், அவர்களை நோயற்ற உடம்பினர் என்கிறார். அடுத்த மூச்சிலேயே அவர்கள் மேனியில் ஓடும் திதலையை உரைகல்லில் இழுத்த பொன்கோட்டுக்கு ஒப்பிடுகிறார். திதலை என்பது வெறும் தேமல்தானே, பிள்ளைப்பேற்றால் வயிற்றில் விழும் பிரசவ வரி என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். உரையாசிரியர்கள் தேமல் என்றே எழுதியிருக்கிறார்கள். தேவமகளிர் விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நற்றிணை 370இல் திதலை வரியாக ஓடுவது அப்போதுதான் பிள்ளை பெற்றவளின் அடிவயிற்றில். கணவன் அதைச் சொல்லி அவளைச் சீண்டுகிறான். சீண்டலில் பெருமிதம்தான் தெரிகிறது, அருவருப்பு இல்லை. இரண்டும் ஆண் குரல்கள் என்பதை மறுப்பதற்கில்லை. பெண்கள் தங்கள் வயிற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு இவை சாட்சியாகா. இவர்கள் வரியை நோயாகக் கருதவில்லை என்பதற்கு மட்டும் சாட்சி. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய பருத்திப் புடவையால் வயிற்றைக் கட்டியதும் தொப்பை இறங்கத்தானே ஒழிய வரி மறைய அல்ல.

அப்படியிருந்த வரி சிகிச்சைப் பட்டியலில் ஏறிய கதையைப் பார்த்தால், நோய்க்காகக் கருவி பிறக்கவில்லை, கருவிதான் வேலை தேடிக்கொண்டு வரியிடம் வந்தது என்று தோன்றுகிறது. 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தார். 1983இல் ஆண்டர்சனும் பாரிஷும், அலைநீளத்தையும் துடிப்பின் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தால் சுற்றியுள்ள தோலைச் சுடாமல் ஒரு நிறத்தை மட்டும் தாக்கலாம் என்று காட்டினார்கள். அதன்படி வளர்ந்த சாய லேசரின் முக்கிய வேலை, குழந்தைகளின் சிவந்த பிறவி மச்சத்திலுள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்குவது. 1996 வாக்கில் அதே 585 நானோமீட்டர் ஒளியைப் பிரசவ வரியிலும் பாய்ச்சிப் பார்த்தார்கள். வரி புதிதாகச் சிவந்திருக்கும்போது குறிவைக்க ரத்தக்குழாய் உண்டு. வெளுத்துப் பழகிய வரியில் இருப்பது தோலின் நடு அடுக்கில் அறுந்துபோன கொலாஜன், எலாஸ்டின் நார்கள். சாய லேசர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. 2004இல் வந்த ஃபிராக்‌ஷனல் லேசர் தோலில் நுண்ணிய புள்ளிகளாகச் சூடேற்றிப் புது நாரைத் தூண்டுகிறது. இதில் பலன் கொஞ்சம் கூடுதல் என்றாலும் மங்கலாக்குமே தவிர அழிக்காது.

நம் தோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாநிறத்திலும் கறுப்பிலும் நிறைந்திருக்கும் மெலனின் பல லேசர்களின் ஒளியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஃபிராக்‌ஷனல் லேசரின் ஒளியை அது அவ்வளவாக வாங்காவிட்டாலும், சூட்டில் தோல் புண்பட்டுக் கருமை படியலாம். வெள்ளை வரியைப் போக்கப் போய்க் கறுப்புப் பட்டை மிஞ்சுவது அப்படித்தான். அதற்காக, வேண்டுமென்று நினைக்கும் பெண்ணைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அவள் உடம்பு, அவள் காசு. மருத்துவமும் சும்மா இருக்கவில்லை, சக்தியைக் குறைத்து, இடைவெளி விட்டுச் செய்யும் முறைகள் வந்திருக்கின்றன. ஆனாலும் வரி வலிப்பதில்லை, பரவுவதில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைத் தொடும் சிகிச்சைதான் தன் பலனை நிரூபிக்க வேண்டும். வரியோடு வாழ்கிறவள் காரணம் சொல்லத் தேவையில்லை.

உண்மையில் தவிர்க்கக்கூடிய வரி வேறொன்று இருக்கிறது. சிவப்பழகுக்கென்று மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியவைத்து இதே வரியைக் கொண்டுவரும். 2018இல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று உத்தரவிட்டது. மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு அதை வாங்காதீர்கள். லேசர்தான் என்று முடிவெடுத்தால், தோல் மருத்துவரிடம் முதலில் ஓரிடத்தில் மட்டும் பாய்ச்சிப் பார்க்கச் சொல்லி, சில வாரம் பொறுத்து மீதிக்குச் சம்மதியுங்கள்.