ஒரு பவுண்டு அரிசியும் 1.2ம்

கலோரி எண்ணி எடை குறைக்கக் கிளம்பின எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். வயசு, உயரம், எடை எல்லாம் கேட்டுட்டு, கடைசியா ஆப் கேக்கும்: "உங்க தினசரி உழைப்பு எந்த அளவு?" உக்காந்தே இருக்கறவர்னா 1.2, லேசான உழைப்புன்னா 1.375, நடுத்தரம்னா 1.55, கடும் உழைப்புன்னா 1.725. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு எரிக்கிற கலோரியை இந்த எண்ணால பெருக்கினா ஒரு நாள் செலவு வந்துடும்.

முதல் மூணு பதிலையும் அளந்து சொல்லிடலாம். நாலாவது மட்டும் நம்மைப் பத்தி நாமே வச்சிருக்கிற அபிப்பிராயம். அதே அபிப்பிராயத்தை ஒரு அரசாங்கம் லட்சக்கணக்கான ஜனங்களுக்காக முடிவு பண்ணின கதை ஒண்ணு நம்ம ஊர்ப்பக்கமே இருக்கு மக்களே.

எங்க தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2ல். அதுக்கு முன்னாடி சேலம் மாவட்டத்துல ஒரு தாலுகா. 1876-78ல தாது வருஷப் பஞ்சம் வந்தப்போ கடுமையா அடிவாங்கின மாவட்டங்கள்ல சேலமும் ஒண்ணு. 1871 கணக்கெடுப்புல 19 லட்சத்துக்கு மேல இருந்த மாவட்ட ஜனத்தொகை, 1881ல சுமார் 16 லட்சம். பத்து வருஷத்துல கூடியிருக்க வேண்டியது, அத்தனை லட்சம் குறைஞ்சிருந்தது.

பசிச்சவங்களுக்கு அரசாங்கம் சும்மா சோறு போடல. நிவாரண வேலைன்னு வச்சாங்க. மண் வெட்டணும், கல்லு உடைக்கணும், ரோடு போடணும், கால்வாய் தோண்டணும். சென்னையில இருந்து வடக்கே போற பக்கிங்காம் கால்வாய்ல ஒரு பகுதி இந்தப் பஞ்ச வேலையில வெட்டினதுதான். அப்போ வைஸ்ராய் லிட்டன். செலவைக் கட்டுப்படுத்த அவர் அனுப்பி வச்ச ஆளு சர் ரிச்சர்ட் டெம்பிள். 1874 பீகார் பஞ்சத்துல பர்மா அரிசியை இறக்குமதி பண்ணி நிறைய உயிரைக் காப்பாத்தினவர் இதே டெம்பிள்தான். ஆனா அதுக்கு அவருக்குக் கிடைச்சது பாராட்டு இல்ல, பணத்தை வீணடிச்சார்னு திட்டு. அந்தச் சூடு மறக்காத மனுஷன் 1877 தொடக்கத்துல சென்னை மாகாணத்துக்கு வந்து, நாள் முழுக்க உழைக்கிற ஆம்பளைக்குக் கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு சொல்லிட்டார். பொம்பளைக்கும் சின்னப் பசங்களுக்கும் அதுலயும் குறைவு.

எதிர்த்து நின்னவர் சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். இந்த மாகாணத்து ஜனங்க என்ன சாப்பிடறாங்கன்னு 1863லயே அறிக்கை எழுதினவர். உழைக்கிற உடம்புக்கு இது பத்தாது, குறைஞ்சது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேணும், அதுக்கு மேல காய்கறியும் பருப்பும் வேணும்னு வாதாடினார். மார்ச் 1877ல சென்னை அரசு பாதி தூரம் இறங்கி வந்து, ஒண்ணேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் கொடுத்தது.

இப்ப நம்ம தொழில்புத்தி :-) அந்த மூணு கூலியையும் இன்னிக்கு ஆப் போடற கணக்குல போட்டுப் பாப்போம். 30 வயசு, 165 செ.மீ., 50 கிலோ ஆளுன்னு வச்சிக்குவோம். 1990ல வந்த மிஃப்ளின் சூத்திரப்படி படுத்துக் கிடந்தாலே சுமார் 1,390 கலோரி. அரிசி 100 கிராமுக்கு சுமார் 356 கலோரி. சில்லறைக் காசைக் கணக்குல சேர்க்கல.

டெம்பிள் கூலி: 453 கிராம், சுமார் 1,610 கலோரி. பெருக்கு எண் 1.16.
மார்ச் கூலி: பருப்போட சேர்த்து சுமார் 2,170. பெருக்கு எண் 1.56.
கார்னிஷ் கேட்டது: தானியம் மட்டுமே சுமார் 2,420. பெருக்கு எண் 1.74.

இது அரிசிக் கணக்கு. எங்க பக்கத்து கேழ்வரகுன்னா இன்னும் சுமார் பத்து சதவீதம் குறையும்.

அதாவது கல்லு உடைக்கிறவனுக்கு, நாற்காலியில உக்காந்து ஆணி புடுங்குற நமக்கு ஆப் கொடுக்கிற 1.2 கூட கிடைக்கல. கார்னிஷ் காலத்துல இந்தப் பெருக்கு எண்ணே கிடையாது. 1985ல உலக உணவு, சுகாதார நிறுவனங்களோட அறிக்கை ஆண்களுக்கு லேசான உழைப்பு 1.55, நடுத்தரம் 1.78, கடுமை 2.1னு போட்டது. கார்னிஷ் கேட்ட வெறும் தானியமே அந்த நடுத்தரத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது. காய்கறி, பருப்பு சேர்த்தா இன்னும் மேல போகும்.

நடுவுல இன்னொரு தமிழ்நாட்டு ஊரும் வருது. குன்னூர்ல இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம். (1958ல ஹைதராபாத்துக்குப் போச்சு, இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.) அதோட இயக்குநரா இருந்த அய்க்ராய்ட், 1943 வங்காளப் பஞ்சத்தை விசாரிச்ச கமிஷன்ல உறுப்பினர். பிறகு உலக உணவு நிறுவனத்துல ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் தலைவர். ஆக, டயட் ஆப்ல நாம அலட்சியமா தட்டிட்டுப் போற அந்தக் கேள்விக்குப் பின்னால பஞ்சத்தைப் பாத்தவங்க வேலை இருக்கு.

இன்னிக்கு நம்ம பிரச்சினை தலைகீழ். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2020 கணக்குல, 65 கிலோ ஆணுக்கு உக்காந்த வேலைன்னா 2,110 கலோரி, கடும் உழைப்புன்னா 3,470. வாரம் அஞ்சு மணி நேரம் ஜிம்முக்குப் போற நம்ம ஆளு நேரா 1.55ஐத் தட்டறார். மிச்சம் 163 மணி நேரம் தூக்கம், நாற்காலி, பைக் சீட்! 28 வயசு, 170 செ.மீ., 70 கிலோ ஆளுக்கு 1.2க்கும் 1.55க்கும் வித்தியாசம் தினம் 570 கலோரி. எடை குறைக்கணும்னு 500 கலோரி குறைச்சு சாப்பிடறதா அவர் நினைச்சிட்டிருப்பார், உண்மையில ஒண்ணுமே குறைஞ்சிருக்காது. "பட்டினி கிடந்தும் இறங்கலையே"ன்னு புலம்பல் வேற.

வழி என்னன்னா, அபிப்பிராயத்தை விட்டுட்டு உடம்பையே கேக்கறது. மூணு வாரம் சாப்பிட்டதை ஒழுங்கா எழுதுங்க, தினம் காலையில எடை பாருங்க. சராசரியா 2,000 கலோரி சாப்பிட்டு 600 கிராம் இறங்கியிருந்தா, கிலோவுக்கு 7,700ன்னு வச்சா தினம் 220 பத்தாம இருந்திருக்கு. அப்போ உங்க செலவு 2,220. அதை 1,630ஆல வகுத்தா 1.36. அதுதான் உங்க எண். முதல் வாரம் தண்ணி எடை ஏறி இறங்கும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

கார்னிஷ் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: உழைப்பைப் பாத்து சோத்தை அள. அதைக் காதுல வாங்காம போட்ட கணக்குக்கு 1877ல விலை கொடுத்தவங்க மண்ணு சுமந்தவங்க. நமக்கு அதிகபட்சம் பேண்ட்டு ஒரு சைஸ் ஏறும்.