எழுதத் தேர்வு உண்டு, தரம் அறியத் தேர்வு இல்லை: பட்டப்படிப்பில் இரண்டாம் மொழி, 1857 முதல் அடிப்படைத் தமிழ் வரை

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழுக்கு இருந்த இடத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1902-ஆம் ஆண்டைத்தான் மையமாகக் கொள்கின்றனர். அந்த ஆண்டில் பல்கலைக்கழகம் தமிழை நீக்கிவிட்டுச் சமஸ்கிருதத்தை வைக்க முனைந்தது; கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற்கலைஞரும் அவருடைய நண்பர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றனர். செனட் உறுப்பினர்களைக் கண்டு பேசித் தமிழைக் காத்தனர். பரிதிமாற்கலைஞர் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் இந்த வாசிப்பு, தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட 2004-க்குப் பின் மேடைகளிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுவிட்டது. அவ்விருவரின் உழைப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் இதை வெற்றிக்கதையாக மட்டும் படித்தால், பல்கலைக்கழகம் மாணவனிடம் மொழியின் பெயரால் கேட்டது என்ன, கேளாமல் விட்டது என்ன என்ற கேள்வி கண்ணில் படாமலே போகிறது. இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியது.

முதலில், 'தமிழ் கட்டாயமாக இருந்தது' என்ற எண்ணத்தையே திருத்திக்கொள்ள வேண்டும். 1857-இல் பல்கலைக்கழகம் தோன்றியது முதல் கட்டாயமாக இருந்தது ஆங்கிலமும் அதனுடன் வேறொரு மொழியும். அந்த 'வேறொரு மொழி' தமிழாக இருக்கலாம், தெலுங்காக இருக்கலாம், சமஸ்கிருதமாகவோ லத்தீனாகவோ இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை. (அவர்கள் தேறிய ஆண்டைச் சிலர் 1857 என்றும் சிலர் 1858 என்றும் எழுதுகின்றனர். எந்த ஆண்டாயினும் என் வாதம் மாறாது.) தமிழ் ஒரு விருப்ப மொழியாக இருந்தது வீண்போகவில்லை. அச்சிட்ட பாடநூல் வேண்டும் என்ற தேவை அதனால் எழுந்தது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை எச். பவர் 1868-இல் பதிப்பித்தது அந்தச் சூழலில்தான். உ.வே.சாமிநாதையரின் முழுச் சிந்தாமணிப் பதிப்பு வர 1887 ஆயிற்று. பதிப்பு வரலாற்றை எழுதுவோர் தேர்வு விதிகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

மொழித் தெரிவு எப்படி நடந்தது என்பதற்கு எல்லாரும் அறிந்த ஒரு மாணவரே சான்று. கணிதமேதை ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில், பட்ட வகுப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலம், கணிதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு ஆகியவற்றுடன் அவர் படித்த மொழி சமஸ்கிருதம். உ.வே.சா. இருபதாண்டுக்கு மேல் தமிழ் கற்பித்து, முந்தைய ஆண்டுதான் சென்னைக்கு மாறிச் சென்றிருந்த கல்லூரி அது. காவிரிக் கரையில் தமிழ் பேசி வளர்ந்த மாணவருக்கும் தமிழ் கட்டாயமாக இல்லை. 1902-இல் ஆபத்துக்குள்ளானது விருப்பப் பட்டியலில் தமிழ் பெற்றிருந்த இடம். 'தமிழைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்க முனைந்தார்கள்' என்ற வழக்கமான வாசகம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

அடுத்த குறை இன்னும் பெரியது. வழக்கமான வாசிப்பு 1902-ஐச் சென்னைக்குள் நடந்த சூழ்ச்சியாகவே காட்டுகிறது. அதே ஆண்டு ஜனவரியில் கர்சன் அரசு தாமஸ் ராலே தலைமையில் இந்தியப் பல்கலைக்கழகக் கமிஷனை அமைத்தது. கமிஷனின் பரிந்துரைகளில் ஒன்றை நம் ஆய்வாளர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. பி.ஏ. படிப்பின் ஒவ்வொரு நிலையிலும் தாய்மொழியில் கட்டுரை எழுதுதல் கட்டாயமாக இருக்க வேண்டும். ஆனால் அதற்காக வகுப்பெடுத்துக் கற்பிக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டாம் பாதியில் சற்று நிற்க வேண்டும். மொழி வேண்டும் என்று சொன்ன கையோடு ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லும் விதி இது. மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் தமிழே போதும், பல்கலைக்கழகம் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. இலக்கியமாகக் கற்கும் தகுதி செம்மொழிகளுக்கு உண்டு, நாட்டு மொழிகளுக்கு எழுத்துப் பயிற்சியே போதும் என்று வகை பிரித்ததன் விளைவு அது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட புதிய விதிமுறைகளுக்குப் பின் கல்லூரித் தமிழ் பெருமளவு கட்டுரைத் தாளாகச் சுருங்கியது இந்த வழியில்தான். 1902-இல் தமிழ் காக்கப்பட்டது என்றால், அடுத்த சில ஆண்டுகளில் அது சுருங்கியதை எப்படி விளக்குவது? வெற்றிக்கதை எழுதுவோர் இதற்கு விடை சொல்வதில்லை.

பரிதிமாற்கலைஞர் 'தமிழ்மொழியின் வரலாறு' நூலில் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவியது 1903-இல். அதே ஆண்டு நவம்பரில், 33 வயதில், அவர் மறைந்தார். அந்த நூலை நம்மவர் மொழிப்பற்றின் வெளிப்பாடாகவே படித்து வந்திருக்கின்றனர். நான் அதைப் பல்கலைக்கழக வகைபிரிப்புக்கு எழுதப்பட்ட மறுமொழியாகவும் படிக்கிறேன். செம்மொழி என்ற வரிசையில் இடம்பெற்றால்தான் இலக்கியம் கற்பிக்கப்படும் என்ற நிலையில், அந்த வரிசையில் தமிழ் உண்டு என்று காட்டுவதைவிடக் கூர்மையான வாதம் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு இருந்திருக்க முடியாது. கமிஷனுக்கும் நூலுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று ஆவணம் காட்டி நிறுவ என்னால் இயலவில்லை. பரிதிமாற்கலைஞர், பூரணலிங்கம் பிள்ளை இருவரும் செனட்டில் எடுத்த முயற்சிக்கு 1902 என்ற ஆண்டே வழங்கி வருகிறது. அந்த முயற்சி கமிஷனுக்கு முந்தியதா பிந்தியதா என்பதை அந்த ஒற்றை ஆண்டைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் காலமும் வாதத்தின் வடிவமும் இவ்வளவு பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ள நான் ஆயத்தமாக இல்லை.

அதே காலத்தில் மதுரையில் வேறொரு முறை நடப்புக்கு வந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளில் தேர்வு வைத்தது. பின்னாளில் தென்னிந்திய இந்திப் பிரசார சபையின் தேர்வுகளும் பிராத்மிக்கில் தொடங்கிப் பிரவீண் வரை படிப்படியாக அமைந்தன. சபைத் தேர்வு எழுதியவர்களுக்கு இந்த ஏணி நன்றாகத் தெரியும். கற்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இயல்பாக நடந்தது, உள்ளே நடக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1968 ஜனவரி 23-ஆம் நாள் சட்டமன்றத் தீர்மானம் பள்ளிகளில் இருமொழிக் கொள்கையை நிலைநிறுத்தியது. கல்லூரியில் பகுதி-1 விருப்ப மொழியாகவும் பகுதி-2 ஆங்கிலமாகவும் தொடர்ந்தன. பெரிய மாற்றம் 1978-இல் வந்தது. கல்லூரியில் ஓராண்டு நடந்த பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு போய், மேல்நிலைப் படிப்பு பள்ளிக்கு நகர்ந்தது. இதன் நன்மைகளைப் பலர் எழுதியிருக்கின்றனர். ஓர் இழப்பை யாரும் எழுதவில்லை: பட்ட வகுப்புக்கு முன் மாணவனின் மொழித்திறனைக் கல்லூரி ஆசிரியர் ஓராண்டு நேரில் காணும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. அதன்பின் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது மதிப்பெண் பட்டியல் மட்டுமே.

இப்போது இக்கட்டுரைக்கு மையமான விதிக்கு வருகிறேன். விருப்பப் பாடத் தெரிவு முறை 2008-ஐ ஒட்டித் தமிழகக் கல்லூரிகளுக்கு வந்தபோது பகுதி-4 என்ற புதிய பிரிவு சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக விதிமுறை மாணவரை மூன்றாகப் பிரிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல், பகுதி-1-இல் வேறு மொழி எடுத்தவருக்கு அடிப்படைத் தமிழ், இரண்டு தாள். இதன் தரம் ஆறாம் வகுப்புத் தரம் என்று விதியிலேயே குறிக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தும் பகுதி-1-இல் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ், அதுவும் இரண்டு தாள். ஏனையோருக்குப் பிற துறை விருப்பப் பாடம்.

மாணவரை மொழித்தர வாரியாக வெவ்வேறு வகுப்பில் அமர்த்த ஒரு பொதுவிதி இவ்வளவு வெளிப்படையாக முயல்வது நான் அறிந்தவரை இதுவே முதல்முறை. ஒன்றரை நூற்றாண்டு விவாதத்தில் இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அமர்த்துவது எதைக் கொண்டு? பள்ளிச் சான்றிதழைக் கொண்டு. மாணவர் ஒரு பத்தியைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

இந்த விதியின் வேறொரு பாடம் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பாடத்திட்ட அட்டவணைகளில் கிடைக்கிறது. சிறப்புத் தமிழ் யாருக்கு என்ற இடத்தில் பத்தாம் வகுப்பும் '+2'-வும் இடையில் காற்புள்ளியோ 'அல்லது' என்ற சொல்லோ இன்றி ஒட்டி நிற்கின்றன. 'பத்தாம் வகுப்பு அல்லது +2 வரை தமிழ் படித்தவர்' என்று கொள்வதா, '+2 வரை படித்தவர் மட்டும்' என்று கொள்வதா? அச்சுப் பிழை என்று இதைக் கடந்து போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதியை எழுதியவருக்கே ஒரு சிக்கல் தெரிந்திருந்ததன் தடயமாக இதைக் கொள்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்து, மேல்நிலையில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சுக்கு மாறி, கல்லூரியிலும் பிரெஞ்சையே தொடரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். சென்னை விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் அவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காதவர். பத்தாண்டு தமிழ் கற்றபின் அடிப்படைத் தமிழில் அமர வேண்டும். பாரதிதாசன் வாசகத்தை 'அல்லது' சேர்த்துப் படித்தால் அவருக்கே சிறப்புத் தமிழ். இரண்டில் எது நோக்கம் என்பதை வாசகத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. முதல் பாடமே மூலம், இரண்டாவது அதைச் சரிசெய்யும் முயற்சி என்பது என் ஊகம்.

அடிப்படைத் தமிழ் வகுப்புக்குள் போனால் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். விதி ஆறாம் வகுப்புத் தரம் என்கிறது. பல கல்லூரிகளின் பாடத்திட்டமோ உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய், சொல், தொடர் என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. வடமாநிலத்திலிருந்து வந்து தமிழ் பேசவும் அறியாத மாணவருக்கு அது சரி. வீட்டில் தமிழே பேசி, மத்திய வாரியப் பள்ளியில் இந்தி படித்து, எழுத்து மட்டும் அறியாத மாணவரும் அதே பெஞ்சில் அமர்கிறார். அவருக்குச் சொல்லும் தொடரும் பிறவியிலேயே உண்டு. வேண்டியது எழுத்துப் பயிற்சி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்க வரும் புலம்பெயர் தமிழர் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே சோதித்து உரிய வகுப்பில் சேர்க்கும் வழக்கம் இதற்காகத்தான். தமிழ்நாட்டில் அது இல்லை. இதற்கிடையே, பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்து, படிப்படியாக 2016-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆகவே பள்ளியில் தமிழே படிக்காமல் வருவோர் குறைந்து, பத்தாம் வகுப்போடு நிறுத்தியோர் கூடும் காலம் இது. விதியின் தெளிவற்ற இடமும் அதுதான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் மாணவரை வைத்து இதைப் பார்ப்பது பயனுள்ளது. இந்த வட்டாரத்தில் மொழி ஒருபோதும் ஒற்றையாக இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் ஆமுக்தமால்யதா என்று தெலுங்கில் காவியமாக்கினார். அதைத் தமிழாக்கியவர் ராஜபாளையத்துப் பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா. பாலி, பிராகிருதம், சமஸ்கிருதம், தெலுங்கு என்று பரந்த அவருடைய மொழியறிவை எந்தப் பள்ளிச் சான்றிதழும் காட்டியிருக்காது. இன்றும் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் இங்கு உண்டு. சேர்க்கைப் படிவத்தில் அவர்களும் 'தமிழ், பன்னிரண்டாம் வகுப்பு வரை' என்ற ஒரே வரிதான்.

இந்த மாணவர்களைத் தமிழைவிடப் பகுதி-2 ஆங்கிலம் கடுமையாகத் தாக்குகிறது. தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவரும், மழலையர் வகுப்பு முதல் ஆங்கிலவழியில் படித்தவரும் முதல் பருவத்தில் ஒரே ஆங்கிலத் தாளை எழுதுகின்றனர். ஒருவருக்கு அது தூங்கும் நேரம்; மற்றவருக்கு மூன்றாண்டும் கூடவே வரும் அரியர். நகரத் தன்னாட்சிக் கல்லூரிகள் சில, தரம் பார்த்து ஆங்கில வகுப்பை இரண்டாகப் பிரிக்கின்றன. இணைப்புக் கல்லூரிகளுக்கு அந்த உரிமை இல்லை. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் வந்த ஆங்கிலப் பயிற்சியும் தரமறி தேர்வும் படிப்பின் நடுவில் வருகின்றன. முதல் பருவத்தில் தோற்றவருக்கு அவை காலம் கடந்தவை.

'கற்பிக்க வேண்டியதில்லை, எழுதினால் போதும்' என்ற 1902-இன் எண்ணம் இன்றைய விதிகளில் வேறு உருவில் தொடர்கிறது என்பதே என் முடிவு. அன்று ஆசிரியரை விட்டார்கள். இன்று ஆசிரியர் இருக்கிறார், மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்ற தகவல் அவர் கையில் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் பிற பல்கலைக்கழகங்களும் பாடத்திட்டத்தை அடுத்த முறை திருத்தும்போது இரண்டைச் செய்ய வேண்டும். பகுதி-4 விதியில் 'பன்னிரண்டாம் வகுப்பு வரை' என்ற சொற்களுக்குப் பதிலாக, சேர்க்கை வாரத்திலேயே கல்லூரி நடத்தும் ஒரு மணிநேர வாசிப்பு, எழுத்துச் சோதனையை வைக்க வேண்டும். அதே சோதனையை ஆங்கிலத்துக்கும் நடத்தி, முதல் பருவத்துப் பகுதி-2 தாளை இரண்டு நிலையில் அமைக்க இணைப்புக் கல்லூரிகளுக்கும் உரிமை தர வேண்டும்.