நாளுக்கு ஓர் எண்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில், கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலக் கல்வெட்டுகளில் நாம் எழுதுவது போன்ற தேதி இராது. அரசன் பட்டமேறி இத்தனையாவது ஆண்டு என்றிருக்கும். சிலவற்றில் மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியனவும் இருக்கும். அது எந்த நாள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 1947 ஆகஸ்ட் 15க்கும் 1950 ஜனவரி 26க்கும் இடையே எத்தனை நாட்கள்? விரல்விட்டு எண்ணினால் தவறு நேரும். கணிப்பொறியில் எக்செல் என்னும் விரிதாள், 1900 ஜனவரி 1ஐ 1 எனக் கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் தருகிறது. முதல் தேதியின் எண் 17,394. அடுத்ததன் எண் 18,289. கழித்தால் 895 நாட்கள். அவ்வளவுதான்!

ஆனால் 1900க்கு முந்திய தேதிகளுக்கு எக்செல்லில் எண் கிடையாது. சோழர் காலத்துக்கு என்ன செய்வது?

நம் பஞ்சாங்கக் கணிதர்கள் இதே முறையை மிக நீண்ட காலத்துக்குக் கையாண்டார்கள். ஜூலியன் காலண்டர்படி கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, கலியுகத் தொடக்கம். அன்றிலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கையே கலிநாள். 1947 ஆகஸ்ட் 15இன் கலிநாள் 18,43,947. இதை 7ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 0, எனவே அன்றும் வெள்ளிக்கிழமை!

1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்னும் நூலில், ஜான் வாரன் என்பவர் ஒரு செய்தி தருகிறார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எதையும் எழுதிக்கொள்ளாமல், தரையில் சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தேவையான வாய்பாடுகள் அவருக்கு மனப்பாடம். கலிநாளில் ஒரு குறித்த எண்ணைக் கழித்து, மீதியை 12,372, 3,031, 248 என அடுத்தடுத்து வகுப்பது அம்முறை. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, மீண்டும் அவ்வாறு வர ஏறத்தாழ 27.55 நாட்களாகும். அதன் 9 மடங்கு கிட்டத்தட்ட 248.

திதியும் கிழமையும் நட்சத்திரமும் ஒன்றாகப் பொருந்தும் நாட்கள் மிகக் குறைவு. ஆகவே அவற்றைக் கணித்தால் கல்வெட்டின் நாள் அகப்பட்டுவிடும். ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கல்வெட்டுத் தேதிகளை இவ்வாறு ஆராய்ந்தே, முதலாம் இராசராசன் கி.பி. 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் பட்டமேறினான் என வரையறுத்தார். எண்ணிக்கையில் நாள் ஒன்று பிசகினாலும் கிழமை பொருந்தாது. வரலாறும் தடம் மாறும்.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பிறந்த தேதியின் எக்செல் எண்ணோடு 18,26,553ஐக் கூட்டுங்கள். அதுவே நீங்கள் பிறந்த கலிநாள். 7ஆல் வகுத்து மீதி 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி. உங்கள் கிழமை எது?